ரோமானியக் கான்கிரீட் தானே ஆறிக்கொள்கிறதாம், எங்கள் வளவுச் சுவர் ஏன் ஆறவில்லை?

கேள்வி: ரெண்டாங்கட்டு

வணக்கம். பள்ளத்தூர்ப் பக்கம் எங்கள் பங்கு வீடு. ஐயாவின் அப்பச்சி பர்மாவில் இருந்த காலத்தில் கட்டியது, நூறு வருஷம் தாண்டிவிட்டது. இப்போது பதினோரு புள்ளிக்குப் (குடும்பத்துக்கு) பங்கு, ஆனால் சாவி என்னிடம் இருக்கிறது, அதனால் ஓட்டை உடைசல் எல்லாம் என் தலையில்தான்.

வளவின் (உள்முற்றமும் அதைச் சுற்றிய பகுதியும்) வடக்குச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு விரிசல். எட்டு வருஷத்துக்கு முன் ஒரு காண்ட்ராக்டரை விட்டு சிமெண்ட் வைத்து அடைத்தோம். சிமெண்ட் அப்படியே கல் மாதிரி நிற்கிறது, அதைச் சுற்றி இருந்த பழைய பூச்சுதான் இப்போது உப்புப் பூத்து, பொரிந்து, விரலால் தொட்டால் மாவாகக் கொட்டுகிறது. நூறு வருஷம் கண்ணாடி மாதிரி இருந்த சுவர், அப்பத்தா அதில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொண்டதாகச் சொல்வார்கள் (கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள், இருந்தாலும்).

போன வாரம் சிங்கப்பூர் சித்தப்பா குடும்ப வாட்ஸப் குழுவில் ஒன்றை அனுப்பினார். ரோமாபுரிக் கட்டடங்களில் விரிசல் விட்டால் தானாகவே மூடிக்கொள்ளும் என்று அமெரிக்க விஞ்ஞானிகள் கண்டுபிடித்துவிட்டார்களாம், அதைவிட உயர்ந்தது நம் செட்டிநாட்டு முட்டைப் பூச்சாம், நாசா வியந்ததாம். நாசா வந்தாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். ஆனால் சித்தப்பா அதோடு விடவில்லை, "சுவரைத் தொடாதே, அதுவே ஆறிவிடும்" என்று எழுதியிருக்கிறார். செலவில் அவர் பங்கைக் கேட்டிருந்த நேரம் பார்த்து.

இதில் எவ்வளவு உண்மை? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். முட்டை வாங்கலாமா வேண்டாமா?

பதில்: காரைக்குடி கெமிஸ்ட்ரி

நாசா பொய். ரோமானிய விஷயம் உண்மை, ஆனால் உங்கள் சித்தப்பா நினைக்கிற மாதிரி இல்லை. நான் வேதியியல் படித்தவன், கட்டட இன்ஜினியர் இல்லை, அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் சுண்ணாம்பின் கதை. சுண்ணாம்புக்கல்லோ கிளிஞ்சலோ, இரண்டுமே கால்சியம் கார்பனேட்தான். காளவாசலில் சுமார் 900 டிகிரியில் சுட்டால் அதிலிருந்து கார்பன் டை ஆக்சைடு வெளியே போய், சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். அதில் தண்ணீர் ஊற்றினால் கொதித்து, வெடித்து, நீறும். அந்த நீற்றிய சுண்ணாம்பைச் சுவரில் பூசினால் காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடைத் திரும்ப இழுத்து மறுபடியும் கார்பனேட்டாகிவிடும். அதாவது கல்லை உடைத்து, குழைத்து, சுவரில் பூசி, மறுபடியும் கல்லாக்குகிறோம். உங்கள் வளவுச் சுவர் அப்படி ஆன கல்தான்.

ரோமானியர்கள் இதோடு எரிமலைச் சாம்பலைச் சேர்த்தார்கள். சாம்பலில் உள்ள சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்போடு சேர்ந்து இன்னும் வலுவான பசையாகும், தண்ணீருக்கு அடியில்கூட இறுகும். ரோமில் பாந்தியன் கோயிலின் கூரை 43 மீட்டர் அகலம், உள்ளே ஒரு கம்பி கிடையாது, கிட்டத்தட்ட 1900 வருஷமாக நிற்கிறது.

அந்தக் கான்கிரீட்டை உடைத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளை வெள்ளையாகச் சின்னக் கட்டிகள் இருக்கும். ரொம்ப நாளாக ஆராய்ச்சியாளர்கள் இதை "சரியாகக் கலக்கவில்லை, கூலியாள் சோம்பேறி" என்றுதான் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அமெரிக்காவில் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் அட்மிர் மாசிச் என்பவரின் குழுவுக்கு அது உறுத்தியது. இவ்வளவு கவனமாகக் கட்டியவர்கள் கலவையில் மட்டும் ஏன் கோட்டை விடவேண்டும்? இத்தாலியில் பிரிவர்னம் என்ற பழைய ஊரின் மதில் துண்டை எடுத்து ஆராய்ந்து 2023 ஜனவரியில் வெளியிட்டார்கள். அவர்கள் சொன்னது இதுதான்: சுண்ணாம்பை நீற்றி வைத்துக் கலக்கவில்லை, சுட்ட சுண்ணாம்பை அப்படியே சாம்பலோடு போட்டுத் தண்ணீர் விட்டிருக்கிறார்கள். கலவை கொதிக்கக் கொதிக்க இறுகியது, நீறாத கட்டிகள் உள்ளே தங்கிவிட்டன.

அந்தக் கட்டிகள்தான் மருந்து. விரிசல் விட்டால் அது பொடபொடவென்று இருக்கும் கட்டிகளின் வழியாகத்தான் ஓடும். மழைத் தண்ணீர் இறங்கும், கட்டியிலிருக்கும் கால்சியத்தைக் கரைக்கும், அது விரிசலில் படிந்து மறுபடியும் கல்லாகும். சொல்லிவிட்டு நிறுத்தவில்லை, அதே முறையில் புதிதாகக் கலவை செய்து, இறுகவிட்டு, உடைத்து, இரண்டு துண்டையும் அரை மில்லிமீட்டர் இடைவெளி விட்டு வைத்துத் தண்ணீரை ஓடவிட்டார்கள். இரண்டு வாரத்தில் இடைவெளி மூடித் தண்ணீர் நின்றுவிட்டது. சுட்ட சுண்ணாம்பு போடாத துண்டில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

கவனியுங்கள், அரை மில்லிமீட்டர். உங்கள் விரிசல் எவ்வளவு அகலம்?

பதில்: ரெண்டாங்கட்டு

சுண்டு விரல் நுழைகிறது.

பதில்: காரைக்குடி கெமிஸ்ட்ரி

அப்படியானால் சித்தப்பாவிடம் பங்கை வாங்கிவிடுங்கள்.

பதில்: கரணை

அண்ணே வணக்கம். எங்கள் அப்பா கொத்தனார், தாத்தாவும் கொத்தனார், நான் டிப்ளமோ முடித்துவிட்டு அதே வேலைக்கு வந்தவன். மேலே சொன்னது படித்தேன், ஆச்சரியமாக இருந்தது, ஏனென்றால் எங்கள் வேலையில் கட்டி இருந்தால் அப்பா கரணையாலேயே அடிப்பார். நம் ஊர்ப் பூச்சு அதற்கு நேர் எதிர். சுண்ணாம்பைத் தொட்டியில் நீற்றி, சலித்து, மாதக்கணக்கில் தண்ணீருக்குள் ஊறவிட்டு, வெண்ணெய் மாதிரி ஆன பிறகுதான் எடுப்போம். கட்டி ஒன்று மாட்டினாலும் அது பூச்சுக்குள் இருந்துகொண்டு பின்னால் ஈரம் பட்டு நீறி, உப்பி, அம்மைத் தழும்பு மாதிரிப் பொட்டுப் பொட்டாகத் தெறித்துவிடும். கனமான மதிலுக்கு அது நல்லதாக இருக்கலாம், நூல் கனத்தில் இழைக்கிற மேல் பூச்சுக்கு அது எமன்.

முட்டையைப் பற்றி வாட்ஸப்பில் லட்சம் முட்டை, கோடி முட்டை என்று வருகிறது. எங்கள் வீட்டில் செய்வதைச் சொல்கிறேன். அடிப்பூச்சு சுண்ணாம்பும் மணலும், கடுக்காய் ஊறின தண்ணீர், கொஞ்சம் கருப்பட்டி. அதற்கு மேல் மணலைச் சலித்துச் சலித்து ஒவ்வொரு பூச்சும் மெலிதாகப் போகும். முட்டையின் வெள்ளைக்கரு கடைசிப் பூச்சில் மட்டும், அதுவும் துணியில் வடிகட்டி. அப்புறம் பூச்சு பாதி ஈரமாக இருக்கும்போதே வழவழப்பான கல்லை வைத்துத் தேய்க்கவேண்டும், அதுதான் வேலை. முழங்கை கழன்றுவிடும். நீங்கள் சொன்ன கண்ணாடிப் பளபளப்பு முட்டையில் பாதி, தேய்ப்பில் பாதி, அந்தத் தேய்ப்பை மட்டும் எந்த வாட்ஸப்பும் சொல்லாது. ஓரம் காய்ந்துவிட்டால் திட்டு விழும் என்பதால் ஒரு சுவரை ஆரம்பித்தால் முடிக்காமல் இறங்க முடியாது, அப்பா சாரத்திலேயே கஞ்சி குடித்ததைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் சுவர் பொரிந்ததற்குக் காரணம் அந்த சிமெண்ட் ஒட்டுதான் அண்ணே, பார்க்காமலேயே சொல்லலாம். பழைய வீட்டுக்கு அடியில் ஓதத்தைத் தடுக்கிற பூச்சு எதுவும் கிடையாது, ஈரம் சுவர் வழியாக ஏறும், சுண்ணாம்புப் பூச்சு அதை மூச்சு விடுகிற மாதிரி வெளியே விட்டுவிடும். சிமெண்ட் விடாது. ஈரம் பக்கத்தில் வழி தேடும், சுற்றியிருக்கிற பழைய பூச்சு வழியாக வெளியே வரும், கூட உப்பையும் கொண்டு வரும். உப்பு அங்கே காய்ந்து படிகமாகித் தள்ளும்போது பூச்சு கொட்டாமல் என்ன செய்யும்.

பதில்: தேவகோட்டை ரஸ்தா

எல்லாரும் ஒரேயடியாக உருக வேண்டாம். "அந்தக் காலத்துக் கட்டடம் எல்லாம் இன்றைக்கும் நிற்கிறது" என்று சொல்கிறவர்கள் நிற்பதை மட்டும் பார்த்துச் சொல்கிறார்கள். விழுந்தது கண்ணுக்குத் தெரியாது, ஏனென்றால் விழுந்துவிட்டது. எங்கள் தெருவிலேயே மூன்று வீடு மொட்டைச் சுவராக நிற்கிறது, தேக்குத் தூண் எல்லாம் எப்போதோ லாரி ஏறிவிட்டது, வேப்பமரம் முகப்புக்குள் வளர்கிறது. அதுவும் முட்டைப் பூச்சு வீடுதான். ரோமிலும் ஏனோதானோவென்று கட்டியது எல்லாம் எப்போதோ மண்ணாகியிருக்கும், பாந்தியனைக் காட்டி மொத்த ரோமானியருக்கும் மார்க் போட முடியாது.

இன்னொன்று. சுட்ட சுண்ணாம்பைத்தான் போட்டார்கள் என்று எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறார்கள்? விட்ருவியஸ் என்ற ரோமானியர் கட்டடக்கலை பற்றி எழுதிய நூலில் நீற்றிய சுண்ணாம்பு என்றுதானே இருக்கிறது? எழுதி வைத்தவனை விட்டுவிட்டு எம்ஐடிக்காரன் சொல்வதை நம்பச் சொல்கிறீர்களா?

பதில்: காரைக்குடி கெமிஸ்ட்ரி

சரியான கேள்வி, இதே கேள்விதான் அந்தக் குழுவுக்கும் தலைவலியாக இருந்தது. பதில் பாம்பேயில் கிடைத்தது (நம் பம்பாய் இல்லை, வெசுவியஸ் எரிமலை கி.பி. 79இல் மூடிய ஊர்). அங்கே ஒரு வீடு பாதி வேலையில் நின்றுபோயிருக்கிறது. கட்டிக்கொண்டிருந்தபோதே எரிமலை வெடித்துவிட்டது, கொத்தனார் கருவியைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறான், கலவைக் குவியல் அப்படியே சாம்பலுக்குள் புதைந்துவிட்டது. தோண்டி எடுத்து ஆராய்ந்ததில், தண்ணீர் விடுவதற்கு முன் உலர்ந்த நிலையில் கலந்து வைத்த குவியலில் எரிமலைச் சாம்பலோடு சுட்ட சுண்ணாம்பு இருந்தது. மாசிச் குழு இதை 2025 டிசம்பரில் வெளியிட்டது. எழுதியவன் என்ன எழுதினானோ, சாரத்தில் நின்றவன் செய்தது இது. கரணை தம்பிக்கு இதில் ஆச்சரியம் இருக்காது என்று நினைக்கிறேன், புத்தகத்தில் இருக்கிற மாதிரியா சைட்டில் நடக்கிறது.

நிற்பதை மட்டும் பார்க்கிறோம் என்பது நியாயம். அதனால்தான் தண்ணீர் ஓடவிட்ட அந்தச் சோதனை எனக்கு முக்கியமாகப் படுகிறது, அங்கே இரண்டு துண்டையும் புதிதாகச் செய்து ஒப்பிட்டார்கள்.

கடுக்காய், கருப்பட்டி, முட்டை பற்றி. இதுவும் வெறும் பாட்டி வைத்தியம் இல்லை. சீனாவில் பழைய மதில்களுக்கு ஒட்டரிசிக் கஞ்சியைச் சுண்ணாம்பில் கலந்திருக்கிறார்கள். 2010இல் சேஜியாங் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்தபோது, அரிசியிலிருக்கும் அமைலோபெக்டின் என்ற மாவுப்பொருள் கார்பனேட் படிகங்கள் பெரிதாக வளரவிடாமல் பிடித்து, நெருக்கமாக அடுக்கிவிடுகிறது என்று கண்டார்கள். ஹோண்டுராஸில் கோபான் என்ற மாயன் நகரத்துப் பூச்சை ஸ்பெயினில் கிரனாடா பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்து 2023இல் வெளியிட்டார்கள், அங்கே மரப்பட்டைச் சாறு. அந்தச் சாறு சேர்ந்த பூச்சின் உள்கட்டமைப்பு கிளிஞ்சல் ஓடு, கடல் முள்ளெலியின் முள் இவற்றைப் போல இருந்ததாம். ஒன்றுக்கொன்று தெரியாத மூன்று ஊர்க்காரர்கள் சுண்ணாம்புக்குள் சாப்பாட்டைக் கலந்திருக்கிறார்கள். வேலூர் விஐடியில் கடுக்காய், வெல்லம் சேர்த்த சுண்ணாம்புக் கலவையை வைத்தே ஆராய்ச்சி நடந்திருக்கிறது.

பதில்: தேவகோட்டை ரஸ்தா

சரி, ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் இவ்வளவு தெரிந்தும் ஏன் எல்லாரும் சிமெண்டுக்கே போகிறோம், அதையும் சொல்லிவிடுங்கள். என் வீடு 1998இல் கட்டியது, கூரையின் அடிப்பக்கம் இப்போதே பிளந்து கம்பி பல்லைக் காட்டுகிறது.

பதில்: காரைக்குடி கெமிஸ்ட்ரி

வேகம். சுண்ணாம்பு இறுக மாதக்கணக்கு, சிமெண்ட் மறுநாள் நிற்கும். மாடி மேல் மாடி கட்ட கம்பியும் வேண்டும்.

ஆனால் உங்கள் கூரைக்கு நடந்ததில் ஒரு வேடிக்கை இருக்கிறது. புது சிமெண்ட் கான்கிரீட் கடுமையான காரம், பிஎச் 12க்கு மேல். அந்தக் காரத்தில் கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய படலம் உண்டாகித் துரு பிடிக்காமல் காக்கும். வருஷம் போகப் போகக் காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடு உள்ளே நுழைந்து காரத்தைக் குறைத்துக்கொண்டே போகும். கம்பிவரை அது போய்ச் சேர்ந்ததும் படலம் போய்விடும், ஈரமும் இருந்தால் துரு ஆரம்பிக்கும், துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும், அதனால் உள்ளிருந்தே கான்கிரீட்டைப் பிளக்கும். எந்தக் காற்று சுண்ணாம்புச் சுவரைக் கல்லாக்குகிறதோ அதே காற்றுதான் கம்பி வைத்த கூரையைத் தின்கிறது. நம் ஊரில் அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து வந்த சிக்ரிக்கு (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) இந்தத் துருதான் பல வருஷத்துப் பாடம், மண்டபத்தில் கடற்கரையோரம் இதற்காகவே சோதனை நிலையம் வைத்திருக்கிறார்கள்.

சிமெண்டுக்கு இன்னொரு குறை, உலகம் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடில் சுமார் 8 சதவீதம் அதன் கணக்கில் போகிறது. அதைக் குறைக்க சுட்ட களிமண்ணையும் சுண்ணாம்புக்கல் தூளையும் கலந்து எல்சி3 என்று ஒரு சிமெண்ட் வந்திருக்கிறது. சுவிட்சர்லாந்தின் இபிஎஃப்எல் பல்கலைக்கழகம், டெல்லி, மும்பை, சென்னை ஐஐடிகள் எல்லாம் சேர்ந்து வேலை செய்தது, 2023இல் இந்தியத் தர நிர்ணயமும் வந்துவிட்டது. கார்பன் 40 சதவீதம்வரை குறையும். சுட்ட களிமண் என்றதும் எனக்கு நம்மூர் சுர்க்கி ஞாபகம் வந்தது, செங்கல்லை இடித்துச் சுண்ணாம்பில் போடுவதும் வேதியியல்படி இதே ஜாதிதான்.

ரெண்டாங்கட்டு அண்ணே, உங்களுக்கு ஒரு வேலை. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் ஆரத்தி சிவப்பாகும் இல்லையா, அதை வைத்தே சோதிக்கலாம். பழைய பூச்சு ஒரு துண்டு, சிமெண்ட் ஒட்டு ஒரு துண்டு, இரண்டையும் உடைத்து, உடைந்த முகத்தில் மஞ்சள் தண்ணீரைத் தொட்டு வையுங்கள். சிவந்தால் இன்னும் காரம் மிச்சம். மஞ்சளாகவே இருந்தால் அது கல்லாகிவிட்டது. தயவுசெய்து சுட்ட சுண்ணாம்பு வாங்கி வந்து ரோமானிய விளையாட்டு மட்டும் வேண்டாம், தண்ணீர் பட்டதும் கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் கண்ணே போய்விடும்.

பதில்: ரெண்டாங்கட்டு

செய்துவிட்டேன். ஆச்சியின் மஞ்சள் டப்பாவைத் தொட்டதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டது தனி.

பழைய பூச்சு மஞ்சளாகவே இருந்தது. அதற்குள் ஒரு வெள்ளைக் கட்டிகூட அகப்பட்டது, ஜவ்வரிசி அளவு, ரொம்ப ஆசையாக உடைத்து மஞ்சளை வைத்தேன், அதுவும் மஞ்சள்தான், எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். சிமெண்ட் ஒட்டில்தான் வேடிக்கை. வெளி ஓரம் ஒரு நெல் கனத்துக்கு மஞ்சள், அதற்கு உள்ளே ரத்தச் சிவப்பு. கோடு போட்ட மாதிரி பிரிந்திருந்தது. அண்ணே சொன்ன அந்தக் காற்று எட்டு வருஷத்தில் இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறது.

உடைத்த துண்டில் இன்னொன்றும் பார்த்தேன். பழைய பூச்சை வெட்டுமுகத்தில் பார்த்தால் பலகாரம் மாதிரி அடுக்கடுக்காக இருக்கிறது, உள்ளே சாம்பல் நிறம், வெளியே வர வர வெள்ளை, கடைசி அடுக்கு நகத்தின் கனம்கூட இல்லை. இத்தனை வருஷம் சாய்ந்துகொண்டிருந்த சுவர், இப்படி இருக்கும் என்று தெரியாது.

பதில்: காரைக்குடி கெமிஸ்ட்ரி

கட்டியைப் பற்றி வருத்தப்பட வேண்டாம், அவ்வளவு மெல்லிய பூச்சில் நூறு வருஷம் காற்று பட்டால் கட்டியும் கல்லாகித்தான் இருக்கும். அதனால் அந்தப் பூச்சில் ஆறுவதற்கு மிச்சம் மருந்து இல்லை.

பதில்: கரணை

அண்ணே, சிமெண்டைச் சுத்தமாகக் கொத்தி எடுக்கவேண்டும், அதுவும் சுத்தியல் போட்டு இல்லை, உளி வைத்துப் பொறுமையாக. அப்புறம் சுவர் காயவேண்டும். உப்பை நாரால் தேய்த்து எடுத்து, மறுபடி பூத்தால் மறுபடி தேய்த்து, பூப்பது நின்ற பிறகுதான் பூச்சு. விரிசல் ஏன் வந்தது என்று முதலில் கூரைத் தண்ணீர் எங்கே இறங்குகிறது என்று பாருங்கள், தகரக் குழாய் அந்த மூலையில் ஓட்டையாக இருந்தால் எந்தப் பூச்சும் நிற்காது. சுண்ணாம்பை இப்போதே நீற்றி வைத்தால் தை கழிந்து ஆரம்பிக்கலாம், கார்த்திகை மழையில் கை வைக்க வேண்டாம். அப்பா வருகிறேன் என்கிறார். சாரம் ஏறமாட்டார், நாற்காலி போட்டு உட்கார்ந்து திட்டுவார், அது போதும்.

பதில்: ரெண்டாங்கட்டு

தம்பி, கோடி நன்றி. குழாய் ஓட்டைதான், இப்போதுதான் ஏணி வைத்துப் பார்த்தேன், கை நுழைகிறது. இந்தத் திரியை அப்படியே படம் பிடித்துக் குடும்பக் குழுவில் போட்டேன். மற்றப் புள்ளிகள் எல்லாரும் கட்டை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டார்கள். சித்தப்பா மட்டும் ஒரு மணி நேரம் "டைப்பிங்" என்று காட்டிவிட்டு, நாட்டுக்கோழி முட்டையா பண்ணை முட்டையா என்று கேட்டிருக்கிறார்.